வெயிலில் வரும் பேய்

வீட்டில் அவளுக்கு 'டைரக்டர்' என்று பெயர். தம்பி கிண்டலாக வைத்தது. சொல்லிச் சொல்லிக் கிண்டல் தேய்ந்துபோய்ப் பெயர் மட்டும் நின்றுவிட்டது. "டைரக்டர் குளிச்சாச்சா?", "டைரக்டர் தட்டை யாரு கழுவறது?" என்று அம்மாகூடக் கேட்பாள். இத்தனைக்கும் அவள் சம்பளத்துக்குச் செய்த வேலை, புதிதாகக் கட்டும் அடுக்குமாடி வீடுகளுக்கு விளம்பரப் படம் எடிட் செய்வது. ஜன்னல் திரையை விலக்கிச் சிரிக்கும் ஒரு குடும்பம், ஒரு நீச்சல் குளம், மறுபடியும் அதே குடும்பம். பகலெல்லாம் அதைப் பார்த்துப் பார்த்து, யாராவது சிரித்தாலே அவளுக்கு எரிச்சல் வந்தது.

விடுமுறைகளைச் சேர்த்துவைத்து அவள் சொந்தமாக எடுத்த முதல் படத்தை ஒரு நூலகத்தின் மாடி அறையில் போட்டார்கள். கணவன் விட்டுப்போன ஒரு பெண் வீட்டில் காத்திருக்கிறாள், அவ்வளவுதான் படம். தண்ணீர் கொதிக்க வைக்கிறாள். துணி மடிக்கிறாள். ஜன்னலைப் பார்க்கிறாள். டைரக்டருக்கு உட்காரப் பிடிக்கவில்லை. பின்சுவரில் சாய்ந்து, திரையை விட்டுவிட்டுத் தலைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு தலை கைபேசி வெளிச்சத்தில் நீலமாக இருந்தது. ஒருவர் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டத் தொடங்கினார். ஊரில் உள்ள கயிறெல்லாம் அவர் காலில்தான் இருந்ததோ என்னவோ, நிமிரவே இல்லை. முன்வரிசையில் இருந்த அம்மா பாதியில் எழுந்து கைப்பையை இடுக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

"கால் மரத்துப்போச்சுடி" என்றாள் பிறகு.

தம்பி நல்லது சொல்ல முயன்றான். "நல்லாத்தான்க்கா இருந்துச்சு. எப்ப ஆரம்பிக்கும்னு பாத்துக்கிட்டே இருந்தேனா, அதுக்குள்ள முடிஞ்சுபோச்சு."

அது யாருடைய கதை என்று மூவருக்கும் தெரியும். மூவரும் அதைப் பேசவில்லை. அவளுக்கு எட்டு வயதாகவும் தம்பிக்கு நாலு வயதாகவும் இருந்தபோது, அப்பா ஒரு காலையில் கிடங்கு வேலைக்குப் போனவர் வீடு திரும்பவில்லை. விபத்து இல்லை, நோய் இல்லை. போய்விட்டார். அம்மா ஒரு மருத்துவமனையின் சலவைப் பிரிவில் சேர்ந்து, படுக்கை விரிப்புகளை இஸ்திரி போட்டு இரண்டு பேரையும் வளர்த்தாள். அப்பாவைப் பற்றி அவள் வாயிலிருந்து நல்லதோ கெட்டதோ ஒரு வார்த்தை வந்ததில்லை. டைரக்டர் மட்டும் சிறுவயது முழுக்கத் தெருவைப் பார்த்த ஜன்னல் பக்கத்திலேயே வீட்டுப்பாடம் எழுதினாள்.

படத்தைப் பலருக்கு அனுப்பியிருந்தாள். கூப்பிட்டவர் ஒரே ஒருவர், பேய்ப் படங்களாக எடுத்துத் தள்ளும் ஒரு தயாரிப்பாளர். டயர் கடைக்கு மேலே இருந்தது அவர் அலுவலகம். ரப்பர் வாசனை படியேறி அறைக்குள்ளும் வந்து உட்கார்ந்திருந்தது.

"உன் படம் பாத்தேம்மா. முழுசாப் பாக்கல, பொய் சொல்லக் கூடாது. ஆனா அந்த வீட்டை எடுத்திருக்கே பாரு, அது பிடிச்சுது. ஒரு வீடு, நாலு நடிகர், ஒரு பேய். பண்ணித் தர்றியா?"

"பேயா சார்?"

"ஏன், பேய்னா கேவலமா?"

யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டாள். படியிறங்கும்போது முகம் சுட்டது. வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் தம்பி நாற்காலியிலிருந்து குதித்தே விட்டான். அவன் லிஃப்ட் மெக்கானிக். இருட்டுக் குழிக்குள் இறங்கிக் கம்பிகளுக்கு நடுவே பகலெல்லாம் வேலை செய்பவன், வீட்டில் நிம்மதிக்காகப் பார்ப்பதோ பேய்ப் படம்.

"அக்கா! யோசிச்சுச் சொல்றேன்னுட்டா வந்தே? அறிவிருக்கா உனக்கு?"

"கதவு கிரீச்சுங்கும், பூனை குதிக்கும், எல்லாரும் கத்துவாங்க. அதை எடுக்கவா நான் இத்தனை வருஷம் படிச்சேன்?"

"நீ ஒரு பேய்ப் படமாச்சும் முழுசாப் பாத்திருக்கியா?"

பார்த்ததில்லை. அந்தக் கேள்வி உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு அவளை அரித்தது. எவ்வளவு சுலபமான சங்கதி என்று நிரூபித்துவிடலாம் என்றுதான் பார்க்கத் தொடங்கினாள். தம்பிக்கு வேலையில்லாத காலை நேரங்களில் திரைச்சீலையை இழுத்துவிட்டு, ஆளுக்கொரு தலையணையோடு தரையில் உட்கார்ந்தார்கள். முதல் இரண்டு படங்களில் அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள். மூன்றாவதில் சிரிக்க மறந்துபோனாள்.

தம்பிக்கு ஒரு பழக்கம் உண்டு. உட்கார்ந்தால் வலது முழங்கால் ஆடிக்கொண்டே இருக்கும்; தையல் மிஷின் என்று அம்மா திட்டுவாள். ஒரு நாள் திரையில் ஒரு பெண் மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். பேய் இல்லை, இசையும் இல்லை. தம்பியின் முழங்கால் நின்றுபோயிருந்தது. டைரக்டர் படத்தை நிறுத்தினாள்.

"இப்ப எதுக்குடா பயந்தே?"

"பயப்படலையே. போடு."

"கால் ஆடல. எதுக்கு?"

அவன் யோசித்தான். "அந்த மாடிக் கதவு தானா உள்பக்கம் தாழ் விழுந்துடும்ல? அவ புருஷன்கூட மாட்டிக்கிட்டானே. அவ அதை மறந்துட்டா."

அவள் படத்தைப் பின்னால் ஓட்டினாள். ஆமாம். வெகு முன்னால், ஒரு நகைச்சுவைக் காட்சியில், புருஷன் அந்தக் கதவுக்கு வெளியே மாட்டிக்கொண்டு உள்ளாடையோடு நிற்கிறான். டைரக்டரே விழுந்து விழுந்து சிரித்த காட்சி. வீட்டின் கதவுகளை எல்லாம் அந்தச் சிரிப்புக்குள் ஒளித்து வைத்துக் கற்றுக்கொடுத்துவிட்டார்கள். பெண்ணுக்குத் தெரியாதது பார்ப்பவனுக்குத் தெரிந்திருந்தது, அதனால் வெறும் துணி உலர்த்தல் தாங்க முடியாததாகிவிட்டது. தன் படத்திலும் ஒரு பெண் துணி மடித்தாள் என்பது அப்போது டைரக்டருக்கு நினைவுக்கு வந்தது.

அதற்குப் பிறகு அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பார்த்த படத்தையே ஒலி இல்லாமல் பார்த்தாள். அப்புறம் திரையைத் துணியால் மூடிவிட்டு ஒலியை மட்டும் கேட்டாள். கொள்ளைக்காரப் படங்கள், துரத்தல் படங்கள், கொலையாளியைத் தேடும் படங்கள் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் போட்டுப் பார்த்தாள். மோசமானவையும் நிறைய. சத்தம் மட்டுமே போட்டு ஒன்றும் ஆகாத படங்களில் தம்பியின் முழங்கால் ஓயாமல் ஆடியது. பேய் சும்மா கொல்ல வந்தால் ஆடியது. பேய்க்கு ஏதோ வேண்டும் என்று தெரிந்தால் நின்றது. அவள் அவன் காலுக்கு நேராகவே உட்கார ஆரம்பித்தாள்.

"அக்கா, ஒண்ணு படத்தைப் பாரு, இல்ல என் காலைப் பாரு. எனக்குக் கூச்சமா இருக்கு."

அம்மா ஈரத் துணி வாளியோடு குறுக்கே போவாள். திரையை ஒரு கணம் பார்ப்பாள். "இந்தப் பேய்க்கு வேற வேலைவெட்டி இல்லையா? செத்தும் வீட்டைச் சுத்தியே வருது" என்றுவிட்டுப் போவாள்.

தயாரிப்பாளரிடம் சரி என்று சொன்ன பிறகுதான் உண்மையான அவஸ்தை தொடங்கியது. கதை வரவில்லை. சமையலறைக்கும் கூடத்துக்கும் நடந்தாள். அலமாரியில் இருந்ததை எல்லாம் எடுத்து வெளியே வைத்தாள், திரும்ப அடுக்கினாள். பழைய படத்து வீடும் அந்தப் பெண்ணும் மனதிலிருந்து நகர மறுத்தார்கள். இந்தப் பெண் எதற்குப் பயப்படுவாள்? அவன் வராமலே போய்விடுவானோ என்றா? இல்லை, அதுதான் பழகிவிட்டதே. கையில் ஒரு சட்டையை மடித்தபடி நின்றிருந்தபோது பளிச்சென்று வந்தது: அவன் வந்துவிடுவானோ என்றுதான் பயப்படுவாள்.

சட்டையை அப்படியே போட்டுவிட்டு எழுத உட்கார்ந்தாள். முதல் காட்சியிலேயே கணவன் எங்கோ ஒரு சாலையில் லாரி மோதிச் செத்துப்போகிறான். பார்ப்பவர்களுக்கு மட்டும் அது தெரியும். மனைவிக்குத் தெரியாது, விட்டுப்போனவன் உயிரோடு எங்கோ இருக்கிறான் என்றே நினைக்கிறாள். பிறகு மழை பெய்யும் ஓர் இரவில் கதவு தட்டப்படுகிறது. "நான்தான்" என்று அவன் குரல். பேய் என்பதால் அல்ல, கோபத்தால் அவள் திறக்க மறுக்கிறாள். அந்தக் கோபம்தான் அவளைக் காப்பாற்றுகிறது. எத்தனை நாள்தான் தாக்குப்பிடிக்கும் என்பது மீதிப் படம்.

தயாரிப்பாளர் கேட்டுவிட்டு மேஜையைத் தட்டினார். "இது படம்! ஆனா பேய் மூஞ்சியை முதல் பத்து நிமிஷத்துல காட்டிடணும்."

"மூஞ்சி வேண்டாம் சார். தட்டற சத்தம் போதும்."

"ஜனங்க ஏமாந்துடுவாங்கம்மா."

"ஏமாற மாட்டாங்க. கதவையே பாத்துக்கிட்டிருப்பாங்க."

பாதி மனதோடு விட்டுக்கொடுத்தார். ஒரு பழைய வீட்டை வாடகைக்குப் பிடித்து, ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடிப் பகலிலேயே இரவை எடுத்தார்கள். நடிகை கதவுத் தாழில் கை வைத்தபடி நின்றாள். தண்ணீர்க் குழாயால் மழை பெய்வித்தார்கள். எல்லாம் நன்றாகவே வந்தது.

அந்தக் காட்சியை வீட்டிலேயே எடிட் செய்துகொண்டிருந்தாள். பிற்பகல். அம்மா வேலை முடிந்து வந்து, கைநிறைய மடித்த துணியோடு அவள் முதுகுக்குப் பின்னால் நின்றாள். நின்றவள் போகவில்லை.

"திரும்பப் போடு" என்றாள்.

போட்டாள். தட்டும் சத்தம். நான்தான். நடிகையின் கை தாழ்ப்பாளில்.

"உனக்கு யார் சொன்னா?"

"எதை?"

"வெளையாடாதே. யார் சொன்னா? பக்கத்து வீட்டுக்காரியா?"

டைரக்டர் திரும்பிப் பார்த்தாள். அம்மாவின் முகத்தில் இரத்தமே இல்லை. துணிகளைக் கட்டிலில் வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். மடித்த துணியின் மேல் யார் உட்கார்ந்தாலும் வீட்டையே இரண்டாக்குபவள்.

"யாரும் எதுவும் சொல்லலம்மா. நானா யோசிச்சதுதான்."

"மழையெல்லாம் இல்ல" என்றாள் அம்மா. "நல்ல வெயில். நீங்க ரெண்டு பேரும் பள்ளிக்கூடத்துல இருந்தீங்க. அவரு போய் ஒண்ணரை வருஷம் இருக்கும். தட்டற தினுசுலயே தெரிஞ்சுபோச்சு. 'நான்தான்'னாரு. நான் கதவையும் திறக்கல, வாயையும் திறக்கல. 'குழந்தைங்க எப்படியிருக்காங்க'ன்னாரு. அப்பவும் திறக்கல. கொஞ்ச நேரம் நின்னாரு. அப்புறம் போயிட்டாரு."

"அப்பா வந்தாரா?"

"வந்தாரு."

"ஏன்மா திறக்கல?"

அம்மா உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டாள். இஸ்திரிச் சூட்டில் தடித்துப்போன கைகள். "திறந்தா உள்ள வருவாரு. வந்தா மறுபடி ஒருநாள் போவாரு. அதை இன்னொரு தடவை உங்ககிட்ட சொல்ல எனக்குத் தெம்பு இல்ல."

டைரக்டர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே நடந்தாள். எங்கே என்று தெரியாமல் நடந்தாள். சிக்னல் மாறியதும் தெரியவில்லை. ஒரு வண்டிக்காரன் கத்திவிட்டுப் போனான். அந்த ஜன்னல் பக்கத்தில் எத்தனை சாயங்காலம் உட்கார்ந்திருந்தாள்! அம்மா அடுப்படியிலிருந்து அவளைப் பார்த்துக்கொண்டுதானே இருந்திருப்பாள்? வந்துவிட்டுப் போய்விட்டார், இனிமேல் வர மாட்டார் என்று தெரிந்தே பார்த்துக்கொண்டு இருந்திருப்பாள். கோபம் வந்தது. அழுகை வந்தது.

தம்பி வேலை செய்துகொண்டிருந்த கட்டடத்தில் போய் நின்றாள். லிஃப்டின் தரைப் பலகையைக் கழற்றிவிட்டுக் குழிக்குள் இடுப்பளவுக்கு நின்றிருந்தான். அவள் சொல்லி முடிக்கும்வரை ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"எனக்கு அவர் மூஞ்சியே ஞாபகம் இல்லக்கா" என்றான். "போட்டோல பாத்ததுதான். நீதான் காத்துக்கிட்டு இருந்தே."

"உனக்குக் கோபம் வரலையா?"

"யார் மேல?" அவன் மேலே ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தான். கிரீஸ் கையைத் தூக்கிப் பிடித்தபடியே முழங்கையால் அவளை இடித்தான். "அம்மா அன்னைக்கு அழுதிருப்பாள்ல? நாம பள்ளிக்கூடம் விட்டு வந்தப்போ எப்படி இருந்திருப்பா? சோறு போட்டிருப்பா, பை எங்கேன்னு கேட்டிருப்பா. நமக்கு ஒண்ணுமே தெரியல பாரு. இவளைத்தான் நடிக்க வெச்சிருக்கணும் நீ."

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். வராண்டாவில் போன ஒருவர் இருவரையும் ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் படிக்கட்டில் ஏறினார்.

அந்தக் காட்சியை வெட்டிவிடுவது என்று முடிவு செய்தாள். தான் கற்பனை செய்தபோது அது காட்சி. இப்போது அது அம்மாவின் பிற்பகல். ஆனால் காட்சியை வெட்டினால் படமே இல்லை. இரண்டு நாள் கம்ப்யூட்டரைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். அம்மாதான் கடைசியில் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"என்ன, வேலை நடக்கல?"

"அந்தக் காட்சியை வெட்டிடலாம்னு பாக்கறேன்மா."

"எதுக்கு? எடுத்தது எடுத்தாச்சு. ஆனா தப்பா எடுத்திருக்கே. அவ நிக்க மாட்டா. கால்ல பலம் இருக்காது. கதவுல முதுகை வெச்சு உக்காந்துட்டேன் நான். தட்டும்போது இங்க அதிரும்" என்று தோள்பட்டைக்கு நடுவே தொட்டுக் காட்டினாள். "தாழ்ப்பாளைத் தொடவே மாட்டா. தொட்டா திறந்துடுவா."

"ஊரே பாக்குமேம்மா. உனக்குப் பரவாயில்லையா?"

"முன்னாடி ஒண்ணு எடுத்தியே, அதுல உக்கார முடியல எனக்கு. எல்லாரும் என்னையே பாக்கற மாதிரி இருந்துச்சு. இது பேய்ப் படம்தானே? பேய்ப் படத்துல யாரு என்னைத் தேடப் போறாங்க?"

இத்தனை வருடம் படித்ததில் யாரும் டைரக்டருக்கு அதைச் சொல்லித்தரவில்லை. பயத்தைப் பார்க்க வந்த கூட்டத்துக்கு நடுவில் ஒரு துக்கம் முகம் தெரியாமல் போய் உட்கார்ந்துகொள்ளலாம்.

மறுபடி எடுக்க வேண்டும் என்றதும் தயாரிப்பாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். வெயிலில் எடுக்க வேண்டும் என்றதும் கையை எடுத்துவிட்டு அவளை உற்றுப் பார்த்தார்.

"பேய் எங்கயாவது பட்டப்பகல்ல வருமா?"

"மழையும் இருட்டும் வந்தா ஜனங்க தயாராயிடறாங்க சார். கண்ணை மூடிக்கறாங்க, பக்கத்துல இருக்கறவங்க கையைப் பிடிச்சுக்கறாங்க. வெயில்ல எதுக்கும் தயாராக மாட்டாங்க. வெளிய ஐஸ் விக்கறவன் போறான், பக்கத்து வீட்டுல ரேடியோ பாடுது. அப்போ தட்டட்டும்."

அவர் அறைக்குள் இரண்டு சுற்று நடந்தார். "அரை நாள். அதுக்கு மேல ஒரு நிமிஷம் கிடையாது" என்றார்.

அரை நாளில் எடுத்தார்கள். கறுப்புத் துணிகளைக் கழற்றியதும் வீடு கூசியது. நடிகை கதவில் முதுகு சாய்ந்து உட்கார்ந்தாள். கதவுக்கு அடியில் வெயில் ஒரு கோடாக விழுந்தது. அந்தக் கோட்டை இரண்டு கால்களின் நிழல் மறித்தது. தட்டும்போது நடிகையின் தோள் அதிர்ந்தது. அவள் முஷ்டியை வாயில் வைத்துக்கொண்டாள். அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. டைரக்டர் 'கட்' சொல்ல மறந்து நின்றாள். கேமராக்காரன்தான் திரும்பிப் பார்த்து, "போதுமா?" என்றான்.

படம் வெளியான வாரத்தில் ஒரு பகல் காட்சிக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அம்மாவும் தம்பியும் நடு வரிசையில் உட்கார, டைரக்டர் பின்னால் நின்றாள். யாரும் ஷூ கயிறு கட்டவில்லை. கத்த வேண்டிய இடங்களில் கத்தினார்கள், ஓர் இடத்தில் கத்திவிட்டுத் தங்களையே பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். பிறகு அந்த வெயில் வந்தது. ரேடியோ பாடியது. தட்டும் சத்தம்.

அரங்கம் அடங்கிவிட்டது. நான்தான், என்றது குரல். குழந்தைங்க எப்படியிருக்காங்க?

"திறந்துடாதேம்மா!" என்று எங்கோ ஒரு பெண் கூவினாள்.

"ஐயோ பாவம், ஒரு வார்த்தை பேசேன்!" என்றான் இன்னொருவன்.

"பேசாதே, பேசாதே, விட்டுட்டுப் போனவன்தானே!"

"திற! திற!"

அரங்கமே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. டைரக்டர் அம்மாவின் தலையை மட்டும் பார்த்தாள். அந்தத் தலை குரல் வந்த பக்கமெல்லாம் திரும்பியது, இடதுபுறம், வலதுபுறம், பின்னால். அத்தனை வருடம் தனியாக உட்கார்ந்திருந்த ஒரு கதவுக்குப் பின்னால் இவ்வளவு பேர் வந்து நிற்பதைப் பார்ப்பவளைப்போல.

வெளியே வந்ததும் அம்மா முகத்தைக் கழுவிக்கொண்டாள். "நீ எந்தப் பக்கம்?" என்று மகளைக் கேட்டாள்.

"நான் கத்தலம்மா."

"மனசுக்குள்ள?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "'திற'ன்னுதான்."

அம்மா தலையை ஆட்டினாள். வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. நேராக டிக்கெட் ஜன்னலுக்கு நடந்தாள். "அடுத்த ஷோவுக்கு எனக்கு ஒண்ணு எடு. நான் மட்டும் போறேன்."

"மறுபடியுமா?" என்றான் தம்பி. "அம்மா, பேய்க்கு வேற வேலைவெட்டி இல்ல, சரி. உனக்குமா?"

"வாயை மூடிட்டு எடுடா."

அம்மா உள்ளே போனதும் தம்பி எதிரே இருந்த கடையில் போய் உட்கார்ந்துகொண்டான். டைரக்டருக்கு அதுவும் முடியவில்லை. அரங்கத்தின் வராண்டாவில் சுவரை ஒட்டி நடந்துகொண்டே இருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் தன் படம் ஓடுவது காதில் விழுந்தது. எந்தக் காட்சி என்று கத்தல்களை வைத்தே சொல்ல முடிந்தது. பின்பு ஓர் அமைதி. அவளும் நின்றாள். ஒரே சமயத்தில் நிறையக் குரல்கள் எழுந்தன. என்ன சொல் என்று பிடிபடவில்லை. மறுபடி நடந்தாள்.

கூட்டம் கலைந்து அம்மா கடைசியாக வந்தாள். களைப்பாக இருந்தாள், ஆனால் நடை லேசாக இருந்தது.

"இந்த ஷோல எல்லாரும் திறக்கத்தான் சொன்னாங்க" என்றாள். "ஒருத்தர்கூட என் பக்கம் இல்ல."

டைரக்டர் அம்மாவின் கைப்பையை வாங்கிக்கொண்டாள். "அப்புறம்?"

"அப்புறம் என்ன? அவ திறக்கல. அப்படித்தானே எடுத்திருக்கே."